சே.ச. என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால்: இஞ்ஞாசியாரின் வாழ்க்கையும் இயேசு சபையின் விதிகளும்

கல்லூரி ஆண்டுமலரிலோ இரங்கல் அறிவிப்பிலோ ஒரு பாதிரியாரின் பெயருக்குப் பின்னால் 'சே.ச.' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது படித்து வாங்கிய பட்டம் அல்ல. சேசு சபை என்பதன் சுருக்கம். இயேசுவைச் 'சேசு' என்று எழுதிய பழைய தமிழ் வழக்கு அந்த இரண்டெழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுவாக இப்போது இயேசு சபை என்கிறோம்.

இந்தச் சபை செய்தியில் அடிபடும்போதெல்லாம் சில குழப்பங்களும் கூடவே வரும். 2013 மார்ச் 13 அன்று பிரான்சிஸ் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது 'இயேசு சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தை' என்று எல்லா ஊடகங்களும் எழுதின. 470 ஆண்டுகளைத் தாண்டிய சபை, உலகம் முழுக்கக் கல்லூரி நடத்தும் சபை. இப்போதுதான் முதல் ஆளா? 2021 ஜூலை 5 அன்று இதே சபைக் குருவான ஸ்டேன் சுவாமி நீதிமன்றக் காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவருக்கு ஜார்க்கண்டில் என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. இவர்களுக்கென்று தனி அங்கி ஏன் இல்லை, பெண்கள் பிரிவு ஏன் இல்லை, குருவாவதற்கு ஏன் இத்தனை வருடம் படிக்கிறார்கள் என்பவை மற்ற கேள்விகள்.

இவற்றுக்கெல்லாம் பதில் சபையை நிறுவிய புனித லயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் உட்கார்ந்து யோசித்து மட்டும் விதி எழுதியவர் அல்ல. தன் மேல் பட்ட அடிகளையும், தானே செய்த தவறுகளையும் விதியாக்கியவர்.

## முதலில் மூன்று சொற்கள்

1. மறைமாவட்டக் குரு, துறவறக் குரு. மறைமாவட்டக் குரு ஓர் ஆயருக்கு (பிஷப்புக்கு) கீழ்ப்பட்டவர். பெரும்பாலும் அந்த மறைமாவட்டத்துக்குள்ளேயே பணி செய்வார். துறவறக் குருவுக்குச் சபைத் தலைவர்தான் மேலாளர். அவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம்.

2. வார்த்தைப்பாடு. கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்றும் துறவிகளுக்குப் பொது. இயேசு சபையில் பயிற்சி எல்லாம் முடிந்தபின் சிலருக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

3. ஒப்புதல். நாலு பேர் சேர்ந்து செபம் செய்வதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் புது விதிகளோடு ஒரு துறவற சபையாக இயங்க வேண்டுமென்றால் அன்றைக்குத் திருத்தந்தையின் ஆணை வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ரோமில் அது லேசில் கிடைக்கவில்லை. இருக்கிற சபைகளையே ஒழுங்குபடுத்த முடியவில்லை, புதிதாக எதற்கு என்று எண்ணிய கர்தினால்கள் இருந்தார்கள்.

## உடைந்த கால்

சென்னைக்காரர்களுக்கு லயோலா என்றால் நுங்கம்பாக்கத்துக் கல்லூரி. உண்மையில் அது ஒரு வீட்டின் பெயர். ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியில், அஸ்பெய்தியா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை வீடு. 1491-இல் அங்கே பிறந்த கடைக்குட்டிக்கு வைத்த பெயர் இனிகோ. பாரிசில் படிக்கப் போன பிறகுதான் இக்னேஷியஸ் என்று எழுத ஆரம்பித்தார். தமிழில் அது இஞ்ஞாசியார் ஆயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்றும் பிள்ளைகளுக்கு இனிகோ என்று பெயர் வைக்கிறார்கள்.

அவரைப் 'படைத்தளபதி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. பதின்ம வயதில் அரேவலோ நகரில் அரச கருவூல அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்து, அரண்மனைப் பழக்கவழக்கங்களைக் கற்றவர். அப்புறம் நவார் பகுதியை ஆண்ட பிரபுவிடம் சேவகத்தில் இருந்தார். ஆயுதம் பிடிக்கத் தெரியும், பேரும் புகழும் வேண்டும். அந்த ஆசையில்தான் 1521 மே 20 அன்று, பாம்பலோனா கோட்டையை பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டிருந்தபோது, சரணடையலாம் என்ற மற்றவர்களைத் தடுத்துச் சண்டைக்கு நிறுத்தினார். பீரங்கிக் குண்டு வலது காலை உடைத்தது. இடது காலும் காயப்பட்டது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது.

பிரெஞ்சுக்காரர்களே மரியாதையாகக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்ததால் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அதன் பிறகும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அந்தக் காலும் குட்டையாகிவிட்டது. அரண்மனைக்காரர்கள் போடும் இறுக்கமான பூட்ஸ் அந்தக் காலில் ஏறாது. வெட்டிவிடுங்கள் என்றார். இதுவரை பட்ட வலியையெல்லாம் விட இது பெரிய வலி என்று வைத்தியர்கள் சொல்லியும் கேட்கவில்லை. மயக்க மருந்து இல்லாத காலம். எலும்பை அறுத்தார்கள், காலை நீட்டுவதற்கு எடை கட்டி இழுத்தார்கள். ஒரு பூட்ஸுக்காக! கடைசிவரை லேசாக நொண்டித்தான் நடந்தார்.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரதீரக் கதைப் புத்தகம் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நூலும், புனிதர்களின் கதைத் தொகுப்பும்தான் கிடைத்தன. அவற்றைப் படித்துவிட்டுக் கனவு காண்பார். ஒரு கனவில் தனக்கு எட்டாத உயரத்தில் இருந்த ஒரு சீமாட்டியின் மனத்தை எப்படி வெல்வது என்று மணிக்கணக்கில் யோசிப்பார். இன்னொரு கனவில் பிரான்சிஸ் அசிசியாரும் தோமினிக்கும் செய்ததை நானும் செய்தால் என்ன என்று நினைப்பார். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது. இரண்டாவது கனவு கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. இந்த வித்தியாசத்தை அவர் கவனித்தார்.

சபையின் எல்லாமும் இந்தக் கவனிப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். நல்ல முடிவையும் கெட்ட முடிவையும், அவை மனத்தில் விட்டுச்செல்லும் சுவையை வைத்துப் பிரித்தறிவதற்கு இன்று தமிழில் 'தெளிந்து தேர்தல்' என்ற பெயர் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் அடிக்கடி பேசிய சொல் இது.

## மன்ரேசா: அதிகமாகப் போனதன் விலை

1522 மார்ச்சில் மோன்செராத் மலைக் கோயிலில் மாதாவின் முன் ஓர் இரவு முழுக்க விழித்திருந்து, வாளையும் குத்துவாளையும் அங்கேயே விட்டார். தன் நல்ல உடைகளை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத்துணி கட்டிக்கொண்டார். அந்தப் பிச்சைக்காரரைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள். சேதி கேட்டு இஞ்ஞாசியார் அழுதார். நல்லது செய்ய நினைத்ததே இன்னொருவருக்குக் கேடாகலாம் என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம்.

பக்கத்திலிருந்த மன்ரேசா நகரில் ஏறக்குறைய பதினோரு மாதம் இருந்தார். பிச்சையெடுத்துச் சாப்பிட்டார். முன்பு அலங்காரமாக வைத்திருந்த தலைமுடியைச் சீவாமல் விட்டார், நகம் வெட்டவில்லை. நாளுக்கு ஏழு மணி நேரம் முழங்காலில் செபம். அப்புறம் பாவ பயம் பிடித்துக்கொண்டது. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் சடங்கில், சொல்லியும் நிம்மதி இல்லை. தற்கொலை எண்ணம்கூட வந்தது. ஒரு வாரம் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தார். பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு சொன்ன பிறகுதான் உண்டார். உடம்பு கெட்டது, வயிற்று வலி வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது.

அதே ஊரில் கார்தோனேர் ஆற்றங்கரையில் ஒரு நாள் மனம் திறந்தது. அதுவரை வாழ்நாளில் கற்றதையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பொழுதில் புரிந்ததற்கு ஈடாகாது என்று பிற்காலத்தில் சொன்னார். அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகள்தான் 'ஆன்மிகப் பயிற்சிகள்'. நான்கு கட்டங்களாக, ஏறக்குறைய முப்பது நாள் மௌனத்தில் செய்யும் தியான முறை. நம் ஊரில் ஞான ஒடுக்கம் என்று பெரியவர்கள் சொன்ன வழக்கத்துக்கு இது ஒரு முக்கிய வேர்.

மன்ரேசா சபைச் சட்டத்துக்குள் எப்படி நுழைந்தது என்று பாருங்கள். மற்ற சபைகளில் நோன்புக்கும் தவத்துக்கும் விதிக்கப்பட்ட அளவு இருந்தது. இவருடைய சபையில் எல்லாருக்கும் பொதுவான கட்டாயத் தவம் என்று எதுவும் இல்லை. பிரபுவாக இருந்து சபைக்கு வந்த பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு 1548-இல் எழுதிய கடிதத்தில், நோன்பைக் குறையுங்கள், வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார். எழுதியவரின் வயிறு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது.

## எருசலேமிலிருந்து இலக்கண வகுப்புக்கு

1523-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். சாகும்வரை அங்கேயே இருந்துவிடுவது திட்டம். புனித இடங்களைப் பராமரித்த பிரான்சிஸ்கன் சபையினர் இடம் கொடுக்கவில்லை. அப்படித் தங்கியவர்கள் கடத்தப்பட்டிருக்கிறார்கள், மீட்க எங்களிடம் பணம் இல்லை, மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கவும் எங்களுக்கு அதிகாரம் உண்டு என்றார்கள். கிளம்புவதற்கு முன் யாரிடமும் சொல்லாமல் ஒலிவ மலைக்கு ஓடினார். இயேசு விண்ணேறியபோது பதிந்ததாகச் சொல்லப்படும் பாதச்சுவடு அங்கே இருக்கிறது. காவலாளியிடம் ஒரு சிறு கத்தியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு இறங்கியவருக்கு, எந்தக் கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. திரும்பி ஏறி, கையிலிருந்த கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டுப் பார்த்தார். பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஊர் திரும்பியவருக்கு ஒன்று புரிந்தது: மற்றவர்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும். 33 வயதில் பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் பக்திப் பரவசம் வந்து படிப்பைக் கெடுத்தது. செபத்தில் வராத பரவசம் பாடவேளையில் ஏன் வருகிறது? இதுவும் சோதனைதான் என்று தெளிந்து, இனி வகுப்பில் கவனம் சிதறவிட மாட்டேன் என்று ஆசிரியரிடமே போய் வாக்குக் கொடுத்தார். பின்னாளில் அவருடைய சட்டத்தில், படிக்கிற காலத்தில் செப நேரம் அளவோடு இருக்கட்டும் என்ற விதி இங்கிருந்து வந்தது.

அல்காலாவிலும் சலமாங்காவிலும் பட்டம் பெறாத ஒருவர் ஆன்மிகம் போதிக்கிறாரே என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். அல்காலாவில் 42 நாள், சலமாங்காவில் சங்கிலியோடு 22 நாள். போதனையில் பிழை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் இன்னும் நான்கு வருடம் படிக்காமல் எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று விளக்கக் கூடாது என்றார்கள். சரி, படித்துவிட்டே வருகிறேன் என்று 1528 பிப்ரவரியில் பாரிஸ் போனார்.

பாரிசிலும் பணத்தைக் கொடுத்துவைத்த ஆள் செலவழித்துவிட்டான். தர்ம விடுதியில் தங்கிப் பிச்சையெடுத்தார். விடுதிக் கதவு திறக்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துவராமல் பாடம் போனது. அதனால்தான் சபைச் சட்டத்தில், முழுப் பயிற்சி முடித்தவர்கள் வாழும் இல்லங்களுக்கு நிலையான வருமானம் கூடாது என்று கறாராக எழுதியவர், படிக்கும் இளைஞர்களின் கல்லூரிகளுக்கு மட்டும் சொத்தும் வருமானமும் இருக்கலாம் என்றார்.

புனித பார்பரா கல்லூரியில் அவரோடு ஒரே அறையில் இருந்த இருவர் பியர் ஃபாவ்ரும் பிரான்சிஸ் சவேரியாரும். ஃபாவ்ர் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பட்டம், பதவி என்று கனவோடு இருந்த சவேரியாரைத் தன் பக்கம் இழுக்க இஞ்ஞாசியாருக்கு நாலைந்து வருடம் ஆயிற்று. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த் குன்றில் ஏழு பேராக வாக்குக் கொடுத்தார்கள்: ஏழ்மை, கற்பு, எருசலேம் பயணம். ஒரு வருடம் காத்திருந்தும் கப்பல் கிடைக்காவிட்டால் திருத்தந்தையிடம் போய், எங்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவது. வெனிசுக்கும் துருக்கியருக்கும் சண்டை மூண்டதால் கப்பல் ஓடவில்லை.

## ஒரே கேள்விக்கு மூன்று மாதம்

1539-இல் ரோமில் அவர்கள் சேர்ந்து யோசித்தார்கள். திருத்தந்தை ஆளுக்கொரு திசையில் அனுப்பத் தொடங்கிவிட்டார். பிரிந்தாலும் ஒரே உடலாக இருப்பதா? அதற்கு ஆம் என்பது சீக்கிரம் முடிந்தது. நம்மில் ஒருவருக்கு மற்றவர்கள் கீழ்ப்படிவதா என்பதுதான் பெரிய கேள்வி. பகலில் வழக்கமான பணி, இரவில் கூட்டம். ஒரு நாள் எல்லாரும் எதிர்த்து மட்டுமே காரணம் சொல்ல வேண்டும். அடுத்த நாள் ஆதரித்து மட்டுமே. வாதத்தில் ஜெயிக்கும் ஆசை இல்லாமல் போக இது நல்ல உபாயம். ஜூன் 24-இல் முடித்தார்கள்: கீழ்ப்படிதல் உண்டு.

குயிதிச்சியோனி என்ற கர்தினால் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் 1540 செப்டம்பர் 27 அன்று திருத்தந்தை மூன்றாம் பால் ஆணை தந்தார், அறுபது பேருக்கு மேல் சேரக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த வரம்பு 1544-இல் நீங்கியது. 1541 ஏப்ரலில் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது இஞ்ஞாசியாரின் பெயர் வந்தது, மறுத்தார். மறுபடி வாக்கெடுத்தார்கள், மறுபடி அவரே. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவிடம் முழு வாழ்க்கையையும் சொல்லி, அவர் ஏற்கச் சொன்ன பிறகுதான் ஏற்றார்.

## வித்தியாசமாகத் தெரியும் விதிகள்

1. தனி அங்கி இல்லை, பாடற்குழுச் செபம் இல்லை. பழைய சபைகளில் நாளில் பலமுறை கோயிலில் கூடிக் கட்டளைச் செபத்தைப் பாடுவது துறவறத்தின் உயிர்நாடி. இஞ்ஞாசியார் அதை விட்டார். மருத்துவமனைக்கோ கப்பலுக்கோ எந்த நேரமும் புறப்பட வேண்டியவரை மணியடித்துக் கோயிலுக்கு இழுக்க முடியாது. உடையும் அந்தந்த ஊர்க் குருக்கள் போடுவதே போதும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி கட்ட முடிந்தது தனி உடை என்ற கட்டு இல்லாத சபையில் இருந்ததால்தான். ஆனாலும் அவருக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை.

2. நான்காவது வார்த்தைப்பாடு. திருத்தந்தை எங்கே பணிக்கு அனுப்பினாலும் போவேன் என்பது. மோன்மார்த்தில் மாற்றுத் திட்டமாக இருந்தது இங்கே விதியானது. ஒரே ஊரில் நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்கும் மடத்துத் துறவிகளுக்கு நேர் எதிர். விரகாலூரிலிருந்து ஜார்க்கண்ட் போவது இந்தச் சபையில் இயல்பான விஷயம்.

3. பதவி தேடாமை. உள்ளேயும் வெளியேயும் உயர்பதவிக்கு ஆசைப்பட மாட்டேன் என்று தனி வாக்குறுதி கொடுக்கிறார்கள். 1546-இல் அரசர் பெர்டினாந்து, தொடக்கத் தோழர்களில் ஒருவரான க்ளோத் ழேவை த்ரியஸ்தே நகரின் ஆயராக்க முயன்றார். இஞ்ஞாசியார் கர்தினால்களின் வீடுகளுக்கு அலைந்து, திருத்தந்தையையே பார்த்துத் தடுத்தார். ஆயர் பதவிக்குப் போய்ச் சேரத் தொடங்கினால் சபை குலைந்துவிடும் என்ற பயம். திருத்தந்தை கட்டளையிட்டால் மட்டும் ஏற்கலாம். பின்னாளில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆன பெர்கோலியோ 1992-இல் ஆயரானது அந்த வழியில்தான். அதனாலேயே 2013 அத்தனை வியப்பாக இருந்தது.

4. கீழ்ப்படிதல். 'பிணம்போலக் கீழ்ப்படி' என்ற வரியை வைத்து இவர்களை அடிமைப்படை என்று எழுதியவர்கள் ஏராளம். சட்டத்தில் அந்த உவமை இருக்கிறது; கிழவரின் கைத்தடி என்ற உவமையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தலைவரிடம் மனத்தைத் திறந்து பேசுவதும், மறுப்பு இருந்தால் செபித்துவிட்டு எடுத்துச் சொல்வதும் அதே முறையின் பகுதி. ஆளைத் தெரியாமல் அனுப்பாதே என்பது தலைவருக்கான கடமை.

5. நீண்ட பயிற்சி. மற்ற சபைகளில் நவதுறவு என்ற தொடக்கப் பயிற்சி ஒரு வருடம், இங்கே இரண்டு. அப்புறம் வருடக்கணக்கில் படிப்பு. எல்லாம் முடிந்ததும், மூளை வளர்ந்து மனம் காய்ந்துபோகாதிருக்க இன்னொரு பயிற்சிக் காலம். அதை அவர் 'இதயத்தின் பள்ளி' என்றார். சலமாங்காச் சங்கிலி இதில் தெரிகிறது.

பள்ளிகள் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை. 1548-இல் சிசிலியின் மெசினா நகரத்தார் கேட்டதால் வெளியாருக்கான பள்ளி தொடங்கியது. 1551-இல் ரோமில் இலவசமாக ஒன்று. இஞ்ஞாசியார் இறக்கும்போது முப்பதுக்கும் மேல் ஆகியிருந்தன. திருச்சி புனித வளனார், பாளையங்கோட்டை தூய சவேரியார் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை.

## வலி மற்றவர்மேல் விழுந்த இடம்

எல்லா விதியையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. பார்சலோனாவில் அவருடைய படிப்புக்கே பணம் கொடுத்தவர் இசபெல் ரோசர். கணவர் இறந்தபின் ரோம் வந்து, திருத்தந்தையின் அனுமதியோடு 1545 கிறிஸ்துமஸ் அன்று இஞ்ஞாசியாரிடம் வார்த்தைப்பாடு எடுத்தார். வேறு இரு பெண்களும் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே இஞ்ஞாசியார் அதை ரத்துசெய்யக் கேட்டு வாங்கினார். பெண்களுக்கு நிரந்தர வழிகாட்டியாகக் கட்டுண்டால் சபையின் நடமாட்டம் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். வாதம் புரிகிறது. ஆனால் அவருக்கு ரொட்டி கொடுத்த பெண்தான் வெளியே நிறுத்தப்பட்டார். அதே மனிதர், பாலியல் தொழிலிலிருந்து வெளிவந்த பெண்களுக்கு ரோமில் புனித மார்த்தா இல்லம் அமைத்து, அவர்களோடு தெருவில் நடந்து போய் அங்கே சேர்த்தவர். ஸ்பெயின் அரச குடும்பத்து ஹுவானாவை மட்டும் 1554-இல் ஆண் பெயரில் ரகசியமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அரசியல் பலம் உள்ளவரை மறுக்க முடியவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

பிறப்பு விஷயத்தில் அவர் தன் காலத்தைத் தாண்டி நின்றார். யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர்களை 'இரத்தத் தூய்மை' என்று சொல்லி ஸ்பெயினில் ஒதுக்கிய நாட்களில், அவர்களைத் தயங்காமல் சேர்த்தார். அவருக்குப் பின் தலைவரான லாயினெஸ் அந்த வம்சம்தான். இஞ்ஞாசியார் இறந்து நாற்பது வருடத்துக்குள், 1593-இல், சபை அந்தக் கதவை மூடியது. அந்தத் தடை முழுதாக நீங்கியது 1946-இல். நிறுவியவர் திறந்த கதவைப் பின்னால் வந்தவர்கள் சாத்தியதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பிறப்பைக் கேட்டு இடம் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா?

## கடிதங்களால் கட்டிய சபை

தலைவரான பின் இஞ்ஞாசியார் பெரும்பாலும் ரோமிலேயே இருந்தார். ஊர் ஊராக அலைந்தவர் மேசையில் உட்கார்ந்தார். அவர் பெயரில் ஏறக்குறைய ஏழாயிரம் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. சிதறிக் கிடப்பவர்களை ஒரே உடலாக்கும் என்று 1539-இல் நம்பியதை நடத்திக்காட்டியது அந்தக் கடிதங்கள். 1556 ஜூலை 31 காலையில் அவர் இறந்தபோது சபையில் சுமார் ஆயிரம் பேர். 1622 மார்ச் 12-இல் அவருக்கும் சவேரியாருக்கும் ஒரே நாளில் புனிதர் பட்டம் கிடைத்தது.

அந்த இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது 1540 மார்ச்சில். போர்ச்சுகல் அரசர் இந்தியாவுக்கு ஆள் கேட்டார். போக வேண்டிய தோழர் பொபதில்லா காய்ச்சலில் விழுந்தார். இஞ்ஞாசியாரும் அன்று படுக்கையில்தான் இருந்தார். சவேரியாரைக் கூப்பிட்டுச் சொன்னார். சவேரியார் கிழிந்த உடையைத் தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சபைக்கு ஆணை வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. தலைவர் தேர்தலுக்கான தன் வாக்கை, இஞ்ஞாசியாருக்கு என்று எழுதி முத்திரையிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். 1542-இல் கோவா, அப்புறம் நம் முத்துக்குளித்துறை, மலாக்கா, ஜப்பான் என்று போய்க்கொண்டே இருந்தார். ரோமுக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வர வருடங்கள் ஆகும்.

1553 ஜூன் 28 அன்று இஞ்ஞாசியார் சவேரியாருக்கு எழுதினார்: ஐரோப்பாவுக்குத் திரும்பி வா, இது கீழ்ப்படிதலின் பெயரால் சொல்வது. இந்தியாவின் நிலையை அரசருக்கும் ரோமுக்கும் நேரில் வந்து எடுத்துச் சொல்ல வேண்டும் என்று காரணமும் எழுதினார். கடிதத்தின் அடியில் கையெழுத்தாகப் பெயரின் முதலெழுத்து மட்டும். சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் சவேரியார் இறந்து அப்போது ஏறக்குறைய ஏழு மாதம் ஆகிவிட்டிருந்தது. சேதி இன்னும் ரோமுக்கு வந்து சேரவில்லை.